லைட் அடிச்சா கேன்சர் சாகுமா? சித்தப்பாவுக்காகக் கேட்கிறேன்

மேலூர்_செந்தில்

வணக்கம் மக்களே. சித்தப்பாவுக்குக் கன்னத்தின் உட்பக்கம் புற்று. போன வருஷம் ஆபரேஷன் ஆச்சு. அப்புறம் ஆறு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வெச்சாங்க, கூடவே கீமோவும். இப்ப அதே பக்கம் தாடை ஓரமா மறுபடி கட்டி. பயாப்சி பண்ணதுல அதேதான்னு வந்திருக்கு. "ஏற்கெனவே முழு டோஸ் கரண்ட் குடுத்தாச்சு, அதே இடத்துல திரும்ப வைக்கிறது கஷ்டம்"னு டாக்டர் சொல்றார். அடுத்து என்ன செய்றதுன்னு வர்ற வாரம் டாக்டர்கள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து பேசப்போறாங்களாம்.

இதுக்கு நடுவுல குடும்ப வாட்ஸ்அப்புல ரெண்டு ஃபார்வர்டு. ஒண்ணு, "எல்.இ.டி. வெளிச்சத்தால் அரை மணி நேரத்தில் 92 சதவீதப் புற்று செல்கள் அழிந்தன". இன்னொண்ணு, "மூலக்கூறு சுத்தியல், 99 சதவீத வெற்றி". அத்தை பையன் வேற ஒரு கிளினிக் நம்பர் அனுப்பிட்டான். போன் போட்டேன். லேசர் ஒளி சிகிச்சை, மூணு சிட்டிங், பேக்கேஜ் இவ்வளவுன்னு சொல்லிட்டாங்க. பயாப்சி ரிப்போர்ட்டைக்கூட கேக்கல.

இதெல்லாம் நிஜமா, டுபாக்கூரா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடுகு

ரிப்போர்ட்டைப் பாக்காம ரேட்டு சொன்னா அந்த இடத்தை விட்டு ஓடிடுங்க தம்பி. மத்ததைப் பிறகு பேசலாம்.

இயற்பியல்_நங்கை

செந்தில் அண்ணா, முதலில் அந்த இரண்டு செய்திகளைப் பார்ப்போம். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இரண்டுமே ஆய்வகத்தோடு நிற்பவை.

92 சதவீதம் என்பது டெக்சாஸில் ஆஸ்டின் பல்கலைக்கழகமும் போர்ச்சுகலில் போர்த்தோ ஆய்வாளர்களும் சேர்ந்து 2025இல் வெளியிட்டது. டின் ஆக்சைடின் நுண்செதில்களைப் புற்று செல்களோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைப் பாய்ச்சினார்கள். செதில் சூடாகி செல்லைக் கொல்கிறது. தோல் புற்று செல்களில் 92 சதவீதம் என்று பெரிதாகப் போட்டவர்கள், அதே ஆய்வில் பெருங்குடல் புற்று செல்களில் 50 சதவீதம்தான் அழிந்தது என்பதை ஃபார்வர்டில் விட்டுவிட்டார்கள். எல்லாம் தட்டில் வளர்த்த செல்கள்.

'சுத்தியல்' ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் டூர் குழுவுடையது, 2023 டிசம்பர். அமினோசயனின் என்ற சாயமூலக்கூறு ஒளிபட்டதும் மொத்தமாக அதிர்ந்து செல்லின் சவ்வைக் கிழிக்கிறது. 99 சதவீதம் தட்டில். எலிகளில் ஏறக்குறைய பாதிக்குக் கட்டி மறைந்தது. அழகான வேதியியல்தான், ஆனால் உங்கள் சித்தப்பாவுக்கு இந்த வருஷம் பயன்படாது.

ஆனால் ஒளியால் புற்றுக்கு வைத்தியம் செய்வது என்பது புதுசும் இல்லை, புரளியும் இல்லை. போட்டோடைனமிக் தெரபி, சுருக்கமாக பி.டி.டி., முப்பது வருஷமாக அனுமதியோடு நடக்கிறது. ஒளியுணர் மருந்து ஒன்றை ரத்தத்தில் ஏற்றுவார்கள். அது கட்டியில் தங்கும்வரை காத்திருந்து, அந்த மருந்து உறிஞ்சும் நிறத்து லேசரைச் சரியாக அந்த இடத்தில் மட்டும் பாய்ச்சுவார்கள். மருந்து ஒளியின் ஆற்றலை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். அப்படிக் கிளர்ந்த ஆக்சிஜன்தான் செல்லைச் சுட்டுக் கொல்கிறது. அதுவும் ஒரு செல்லின் அகலத்தில் நூறில் ஒரு பங்களவு தூரம் போவதற்குள் அணைந்துவிடும். ஒளி, மருந்து, ஆக்சிஜன் மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூட வேண்டும். ஒன்று குறைந்தாலும் எதுவும் நடக்காது.

ஸ்கார்பரோ_தீபன்

நங்கை நல்லா விளங்கப்படுத்தியிருக்கிறா. நான் இருக்கிறது கனடாவில, அதால ஒண்டு சொல்லவேணும். போட்டோஃப்ரின் எண்ட மருந்துக்கு உலகத்திலேயே முதல் அனுமதி குடுத்தது எங்கட நாடுதான், 1993, சிறுநீர்ப்பைப் புற்றுக்கு. அமெரிக்கா 1995இல உணவுக்குழாய்ப் புற்றுக்குக் குடுத்தது. பிறகு 1998இல ஆரம்பகட்ட நுரையீரல் புற்றுக்கும். அதுக்குப் பின்னால இருந்த ஆள் தோமஸ் டோகர்ட்டி, அமெரிக்காவில பஃபலோ நகரத்தில ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில வேலை செய்த வேதியியலாளர். இஞ்ச இருந்து காரில ரெண்டு மணித்தியாலம் அளவுதான்.

கடுகு

ஆரம்பக் கதை அதைவிட சுவாரசியம். 1900ல மியூனிக்ல ஆஸ்கார் ராப்னு ஒரு மருத்துவ மாணவர். அக்ரிடின் சாயத்துல பாரமீசியம்ங்கிற ஒரு செல் உயிரி எவ்வளவு நேரத்துல சாகுதுன்னு பாத்துட்டிருந்தார். ஒரு நாள் சீக்கிரம் சாகுது, இன்னொரு நாள் சாகவே மாட்டேங்குது. கடைசியில பாத்தா வித்தியாசம் ஜன்னல் வெளிச்சம்! அவரோட வாத்தியார் டாப்பைனர்தான் இதைப் பிடிச்சுக்கிட்டுப் போனவர்.

அப்புறம் 1912ல மேயர் பெட்ஸ்னு ஒரு ஜெர்மன் டாக்டர், ஹீமட்டோபார்ஃபிரின்ங்கிற ஒளியுணர் பொருளை 200 மில்லிகிராம் தனக்கே ஊசி போட்டுக்கிட்டு வெயில்ல போய் நின்னார். முகம் வீங்கி ஆளே அடையாளம் தெரியல. ரெண்டு மாசம் வெயில் ஆகல அவருக்கு. இந்தக் காலத்துல எந்த எதிக்ஸ் கமிட்டியும் விடாது.

நான் நாற்பது வருஷம் மருந்து வியாபாரத்துல இருந்தவன். எனக்குக் கேள்வி ஒண்ணுதான். முப்பது வருஷமா அனுமதி இருக்குன்னா ஊர்ல யாருமே இதைப் பத்திப் பேசறதில்லையே, ஏன்?

இயற்பியல்_நங்கை

முதல் காரணம் ஆழம் சார். போன் டார்ச்சை இருட்டில் விரல் நுனியில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் சிவப்பு மட்டும்தான் வரும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பும்கூட எல்லாப் பக்கமும் சிதறித்தான் வெளியே வருகிறது. போட்டோஃப்ரினுக்கு வேண்டியது 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு. அது திசுவுக்குள் அரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வேலை செய்யும். இன்னும் நீண்ட அலைநீளத்துக்குப் போகப் போக ஆழம் கூடும். ஆனால் ரொம்பத் தள்ளிப் போனால் தண்ணீர் உறிஞ்ச ஆரம்பித்துவிடும், ஆக்சிஜனைக் கிளப்பும் அளவுக்கு ஒளியில் ஆற்றலும் இருக்காது. அதனால் 650க்கும் 850க்கும் நடுவில்தான் எல்லாரும் மருந்து தேடுகிறார்கள்.

இரண்டாவது ஆக்சிஜன். பெரிய கட்டியின் நடுவில் அது ஏற்கெனவே பஞ்சம். ஒளியை ஒரேயடியாகக் கொட்டினால், ரத்தம் புதிதாகக் கொண்டுவருவதற்குள் இருப்பதும் தீர்ந்துவிடும். அதனால் சில இடங்களில் விட்டுவிட்டுப் பாய்ச்சுகிறார்கள்.

தியேட்டர்_தங்கம்

மூணாவது காரணம் நான் சொல்றேன். வெயில்!

நான் இங்கிலாந்துல ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டெமோபோர்ஃபின்னு ஒரு மருந்து, ஃபோஸ்கான்ங்கிற பேர்ல வரும். தலை, கழுத்துப் புற்று முத்திப்போய், வேற வழி இல்லாதவங்களுக்குன்னு ஐரோப்பாவுல 2001ல அனுமதி குடுத்தாங்க. அமெரிக்காவுல அதை ஒத்துக்கல. ஊசி போட்டு நாலு நாள் கழிச்சுத்தான் லேசர். அந்த நாலு நாளும் அதுக்கப்புறமும் ஆளை வெளிச்சத்துல இருந்து காப்பாத்தணும். முதல் நாள் மங்கலான ரூம், அப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சத்தைக் கூட்ட லக்ஸ்ங்கிற வெளிச்ச அளவுக் கணக்குல அட்டவணையே இருக்கு.

நாங்க மறக்கவே கூடாதது பல்ஸ் ஆக்சிமீட்டர். விரல்ல மாட்டுற அந்த கிளிப்புல சிவப்பு விளக்கு எரியுதில்ல? சாதாரண ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த மருந்து உடம்புல இருக்கிறவங்களுக்கு ஒரே விரல்ல விட்டா அந்த இடமே வெந்து போகும். பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை விரலை மாத்திட்டே இருக்கணும். ஊசி மருந்து நரம்புக்கு வெளியே கசிஞ்சுட்டா அந்தக் கையை மூணு மாசம் மூடி வைக்கணும்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க உடனே "சன்ஸ்கிரீன் போட்டுக்கலாமே"ம்பாங்க. அது புற ஊதாவைத் தடுக்கும். இந்த மருந்தைத் தூண்டுறது கண்ணுக்குத் தெரியற வெளிச்சம், அதுக்கு சன்ஸ்கிரீன் ஒண்ணும் செய்யாது. முழுக்கை, தொப்பி, கறுப்புக் கண்ணாடிதான். ஆனா போட்டோஃப்ரின் போட்டவங்க முப்பது நாளும் இருட்டு ரூம்லயே அடைஞ்சு கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள்ள இருக்கிற சாதாரண வெளிச்சம் தோல்ல மிச்சம் இருக்கிற மருந்தை மெதுவா அழிச்சுடும். இருட்டுலயே இருந்துட்டு வெளிய வந்தா அன்னைக்குத்தான் ஆபத்து.

மேலூர்ல மே மாசத்துல இதை யோசிச்சுப் பாருங்க செந்தில்.

மேலூர்_செந்தில்

அக்கா, பகல்ல வயலுக்குப் போகாம சித்தப்பா ஒரு நாள் இருந்ததில்ல. முப்பது நாளா? கட்டிப்போட்டாத்தான் உண்டு.

சரி, அப்ப இவருக்கு இது ஆகவே ஆகாதா?

கத்திக்காரன்

தலை, கழுத்துப் புற்று அறுவை செய்பவன் நான். பேர் வேண்டாம்.

செந்தில், உங்கள் சித்தப்பாவைப் பார்க்காமல் அவருக்கு எது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதிரி நோயாளிகளுக்காக ஒளி சிகிச்சையை ஏன் தேடுகிறார்கள் என்று சொல்லலாம். கதிர்வீச்சுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் தாடை எலும்பு அழுகும், தோல் ஆறாது, ரத்தக்குழாய் வெடிக்கும். ஏற்கெனவே வெட்டித் தைத்த இடத்தில் மறுபடி வெட்டுவதும் லேசில்லை. ஒளிக்கு அந்த உச்சவரம்பு இல்லை. டி.என்.ஏ.வைச் சேதப்படுத்திச் சேர்ந்துகொண்டே போகும் வகை அல்ல அது. அதே இடத்தில் மறுபடி செய்யலாம். கரண்ட் வைத்தது இதற்குத் தடை ஆகாது. வாய் என்பது ஒளி நேராகப் போய்ச் சேரும் இடம் வேறு.

இந்த வரிசையில் இப்போது முன்னால் நிற்பது ஜப்பான். கோபயாஷி ஹிசதாகா, அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் நெடுநாள் இருந்தவர். அவர் குழுவின் 2011 கட்டுரையில் வந்த யோசனை இது. மருந்து தானாகக் கட்டியில் சேரட்டும் என்று காத்திருப்பதற்குப் பதில், புற்று செல்லைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியின் முதுகில் சாயத்தை ஏற்றி அனுப்பு. செட்டுக்சிமாப் நாங்கள் ஏற்கெனவே தலை, கழுத்துப் புற்றுக்குக் கொடுக்கிற ஆன்டிபாடி. அதில் ஐ.ஆர். 700 என்ற சாயத்தை ஒட்டினார்கள். சொட்டு மருந்தாக ஏற்றி, மறுநாள், அதாவது 20இலிருந்து 28 மணி நேரத்துக்குள், 690 நானோமீட்டர் லேசர். மேலே தெரியும் கட்டிக்கு நேராக அடிப்பார்கள். உள்ளே புதைந்த கட்டிக்கு ஊசிக்குழாய் குத்தி, அதற்குள் பக்கவாட்டில் ஒளி விடும் இழையை நுழைப்பார்கள்.

ஒளி பட்டதும் சாயத்தின் கரையும் பகுதி கழன்று விழுகிறது. மிச்சம் தண்ணீரை வெறுக்கும் திரளாகி ஆன்டிபாடியையும் செல்லின் சவ்வையும் சிதைக்கிறது. செல் உப்பி வெடிக்கிறது. ஆன்டிபாடி ஒட்டாத பக்கத்துச் செல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வெடித்த செல்லின் சரக்கு வெளியே கொட்டுவதால் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்ளும் என்பதும் எலிகளில் தெரிந்தது. மனிதர்களில் அது எந்த அளவு என்று பார்க்க, இப்போது பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தோடு சேர்த்து மூன்றாம் கட்ட ஆய்வு நடக்கிறது.

ஜப்பான் 2020 செப்டம்பரில் அகாலக்ஸ் என்ற பெயரில் அனுமதித்தது. வெட்ட முடியாத, அல்லது திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுக்கு. உங்கள் சித்தப்பாவின் நிலைமைக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று இதுதான்.

கடுகு

டாக்டர், ஜப்பான் குடுத்தது நிபந்தனையோட கூடிய அனுமதி. அதையும் சொல்லிடுங்க. பெரிய ஒப்பீட்டு ஆய்வு முடியறதுக்கு முன்னாடியே குடுத்தது. ஆதாரமா இருந்த அமெரிக்க ஆய்வுல 30 பேர். கட்டி சுருங்கினது 43 சதவீதம் பேருக்கு, மொத்தமா மறைஞ்சது 13 சதவீதம். எதிர்ல வேற மருந்து குடுத்த குழுவே கிடையாது. பணம் போட்டது ரகுடென்ங்கிற ஜப்பான் இணைய வணிகக் கம்பெனியோட முதலாளி மிகிடானி. அவங்கப்பாவுக்குக் கணையப் புற்று வந்தப்ப உலகம் பூரா வைத்தியம் தேடிப் போய் கோபயாஷியைப் பிடிச்சார். அப்பா தவறிட்டார், கம்பெனி நின்னுச்சு. குறை சொல்லல. ஆனா நம்பிக்கை முதல்ல வந்து ஆதாரம் பின்னால வர்ற கதையை நான் நிறைய பாத்திருக்கேன்.

கத்திக்காரன்

எண்கள் சரி. ஆனால் அந்த 30 பேரும் எல்லா வைத்தியமும் பார்த்து முடித்தவர்கள். அந்த நிலையில் 43 என்பது சாதாரணம் இல்லை. ஒப்பீட்டு ஆய்வு வரும்வரை பொறுக்க நேரமில்லாத நோயாளிகள் அவர்கள்.

ஆபத்தும் உண்டு. கட்டி கழுத்து ரத்தக்குழாயைப் பற்றியிருந்தால் செய்யவே கூடாது, கட்டி கரையும்போது குழாயும் கிழியும். நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கலாம். வலி கடுமையாக இருக்கும். நான்கு வாரம் நேரடி வெயில் ஆகாது. ஆளுக்கு அதிகபட்சம் நான்கு முறை, நடுவில் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி.

கடுகு

நான் ஏன் இவ்வளவு கறாரா பேசறேன்னா பித்தக்குழாய்ப் புற்று ஞாபகம் வருது. 2003ல ஜெர்மனியில ஒரு ஆய்வு, 39 பேர். பித்தக்குழாய்ல ஸ்டென்ட் மட்டும் வெச்சவங்க நடுமட்டமா 98 நாள் உயிரோட இருந்தாங்க. ஸ்டென்ட்டோட ஒளி சிகிச்சையும் செஞ்சவங்க 493 நாள்! உலகமே வாயைப் பிளந்துச்சு. அப்புறம் பிரிட்டன்ல 92 பேரை வெச்சு முறையா செஞ்சாங்க. ஒளி சிகிச்சை எடுத்தவங்க 6.2 மாசம், எடுக்காதவங்க 9.8 மாசம். தலைகீழ்! ஆய்வையே பாதியில நிறுத்தினாங்க.

இயற்பியல்_நங்கை

அது முக்கியமான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆய்வுக்கும் நடுவில் கீமோ முன்னேறிவிட்டது சார். பிரிட்டன் ஆய்வில் ஸ்டென்ட் மட்டும் வைத்த குழுவுக்குப் பிறகு கீமோ அதிகம் கிடைத்தது. ஒளி சிகிச்சை கீமோவைத் தள்ளிப்போட வைத்ததா, அதுவே தீங்கா என்று பிரித்துச் சொல்வது கடினம். முதல் ஆய்வின் 98 நாள் என்பதே ரொம்பக் குறைவு.

கடுகு

வேலை செய்ற வைத்தியத்தைத் தள்ளிப்போட வெச்சா அதுவும் தீங்குதானேம்மா. மேலூர் தம்பி முதல்ல கவனிக்க வேண்டியதே அதுதான்.

ஸ்கார்பரோ_தீபன்

நல்ல பக்கத்தையும் கொஞ்சம் கதைப்பம். ஒளி ஆழமாப் போகாதது எல்லா இடத்திலயும் குறை இல்லை. முந்தி சிறுநீர்ப்பைக்கு போட்டோஃப்ரினும் சிவப்பு ஒளியும் பாவிச்சவை. அது தசை வரைக்கும் போய்ச் சுட்டு, சில ஆக்களுக்குப் பை சுருங்கிப்போச்சு. இப்ப ரொறொன்ரோவில தொடங்கின ஒரு மருந்து ருத்தேனியத்தில செய்தது, ஷெரி மக்ஃபார்லன்ட் எண்ட வேதியியலாளற்ற கண்டுபிடிப்பு. அதுக்கு வேணுமெண்டே பச்சை ஒளி பாவிக்கினம். பச்சை மேல்படலத்தோட நிண்டிடும், தசைக்குப் போகாது. மருந்தை நரம்பில ஏத்திறேல்ல. ஒரு மணித்தியாலம் பையுக்குள்ள விட்டுக் கழுவி எடுக்கிறது, அதால வெயில் பிரச்சினையும் குறைவு. சிறுநீர்ப்பைக்குள்ள விடுற பி.சி.ஜி. மருந்து கேக்காத ஆக்களுக்கு, இல்லாட்டிப் பையையே எடுக்கவேண்டிய ஆக்களுக்கு.

புரொஸ்டேட்டுக்கும் ஒண்டு இருக்கு. இஸ்ரேலில வைஸ்மான் நிறுவனத்தில தாவர விஞ்ஞானி ஷெர்ஸும் சாலமோனும் பக்டீரியாவின்ர பச்சையத்தில இருந்து எடுத்தது. ஊசி போட்ட கையோட 753 நானோமீட்டர் லேசர், 22 நிமிசம். கட்டியின்ர ரத்தக்குழாயை அடைச்சிடும். சில மணித்தியாலத்தில மருந்து உடம்பை விட்டுப் போயிடும்.

கத்திக்காரன்

அந்தப் புரொஸ்டேட் மருந்தின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது தீபன். 413 பேர் ஆய்வில் இரண்டு வருஷத்தில் நோய் முற்றியது 28 சதவீதம், சும்மா கண்காணித்தவர்களுக்கு 58. ஐரோப்பா 2017இல் அனுமதித்தது. அமெரிக்க ஆலோசனைக் குழு 2020இல் 13க்கு 2 என்று எதிர்த்து வாக்களித்தது. வீரியம் குறைந்த புரொஸ்டேட் புற்றுக்கு எந்த வைத்தியமும் இல்லாமல் கண்காணித்தாலே பலருக்குப் போதும். இலேசான நோய்க்குக் கொண்டுபோனதால் மருந்து மாட்டிக்கொண்டது. இப்போது அதே மருந்தைச் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயின் புற்றில் பார்க்கிறார்கள், சிறுநீரகத்தை எடுக்காமல் தப்பிக்க வழியாக.

தியேட்டர்_தங்கம்

மூளைக் கட்டியை யாருமே சொல்லலையே? ஆபரேஷனுக்கு மூணு மணி நேரம் முன்னாடி 5-ஏ.எல்.ஏ.ன்னு ஒரு மருந்தைத் தண்ணியில கலக்கிக் குடிக்கக் குடுப்போம். மண்டையைத் திறந்ததும் மைக்ராஸ்கோப்புல நீல விளக்குக்கு மாத்துவாங்க. மூளை நீலமா கிடக்கும். கட்டி மட்டும் பளிச்சுன்னு செவப்பா, ஓரம் வர வர ரோஸா தெரியும். வெள்ளை வெளிச்சத்துல பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

இயற்பியல்_நங்கை

ஆமாம் அக்கா. ஸ்டும்மர் குழுவின் 2006 ஆய்வில் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது 65 சதவீதம் பேருக்கு, சாதாரண வெளிச்சத்தில் 36. அதே மருந்தைக் காட்டவும் கொல்லவும் பயன்படுத்த முடியுமா என்று பிரான்ஸில் லீல் நகரத்தில் பத்து நோயாளிகளிடம் பார்த்தார்கள். கட்டியை எடுத்த குழிக்குள் பலூனை வைத்து, உள்ளிருந்து சிவப்பு ஒளியை ஐந்து தவணையாகப் பாய்ச்சினார்கள். மேலே சொன்னேனே, ஆக்சிஜன் திரும்பி வர நேரம் கொடுப்பதற்காக. ஜப்பானில் டலபோர்ஃபின் என்ற மருந்துக்கு மூளைக் கட்டி அறுவையின்போது பயன்படுத்த 2013இலேயே அனுமதி.

நம் நாட்டிலும் ஒன்று நடந்திருக்கிறது. பாஸ்டனில் தய்யபா ஹசன், அவரோடு ஜொனாத்தன் செல்லி. இருவரும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவர்களோடு சேர்ந்து, பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. பெட்டி ஒன்றைச் செய்தார்கள். நோயாளி வாயில் கவ்விக்கொள்ளும் பகுதி முப்பரிமாண அச்சில் எடுத்தது. எங்கே மருந்து சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஸ்மார்ட்போன் கேமரா. அதே 5-ஏ.எல்.ஏ.வை ஜூஸில் கலந்து கொடுத்தார்கள். எல்லாம் இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறிய, கழுத்துக்குப் பரவாத ஆரம்பகட்ட வாய்ப்புற்று. அந்த அளவுக்கு நல்ல பலன்.

மேலூர்_செந்தில்

சித்தப்பாவுக்கு மூணு சென்டிமீட்டருக்கு மேல. தாடை எலும்பு ஓரம் வேற.

அந்தக் கிளினிக்குக்கு மறுபடி போன் போட்டேன். என்ன மருந்து, எத்தனை நானோமீட்டர், வெயில்ல எத்தனை நாள் போகக்கூடாதுன்னு கேட்டேன். "மருந்தெல்லாம் இல்ல சார், லேசர் மட்டும்தான், பக்க விளைவே கிடையாது"ன்னாங்க.

தியேட்டர்_தங்கம்

மருந்தே இல்லாம வெறும் சிவப்பு லைட்டா! வாய்ப்புண் ஆற அப்படி ஒண்ணு அடிக்கிறது உண்டு, கரண்ட் வெச்சவங்களுக்கு. அதைத்தான் கேன்சருக்குன்னு விக்கிறாங்களோ என்னவோ.

கத்திக்காரன்

அப்படியென்றால் அது பி.டி.டி. இல்லை. அங்கே போக வேண்டாம்.

டாக்டர்கள் கூடிப் பேசும் அந்த போர்டுக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்டி எலும்புக்குள் போயிருக்கிறதா, கழுத்து ரத்தக்குழாயிலிருந்து எவ்வளவு தூரம், நுரையீரலில் எதுவும் உண்டா. வெட்டி எடுக்க முடியும் என்று அவர்கள் சொன்னால் அதையே செய்யுங்கள். திரும்பி வந்த வாய்ப்புற்றில் முழுதாக வெட்டி எடுக்க முடிகிறவர்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு. முடியாது என்றால் இம்யூனோதெரபி, செட்டுக்சிமாப், மருத்துவ ஆய்வில் சேருவது என்று வழிகள் இருக்கின்றன. ஆய்வு எது எங்கே நடக்கிறது என்பதை அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வில் சேருகிறவரிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் சந்தேகப்படுங்கள்.

மேலூர்_செந்தில்

செவ்வாய்க்கிழமை போர்டு, டாக்டர். ஸ்கேன் சி.டி.யை எடுத்து வெச்சுட்டேன். அத்தை பையன்கிட்ட இந்த இழையை அனுப்பிட்டேன், அந்தக் கிளினிக்குக்கு அட்வான்ஸ் கட்டலாம்னு இருந்தான், நிறுத்திட்டான்.

கடுகு

ரிப்போர்ட்டும் சி.டி.யும் ரெண்டு செட் எடுத்துக்கங்க தம்பி. ஒண்ணை வாங்கி வெச்சுக்கிட்டா திருப்பி வாங்க ஒரு மாசம் அலையணும்.